நரம்பின் வாயிலை அடைக்கும் நத்தை

முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்றது தூத்துக்குடிக் கடல். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். வலைகளில் மீனோடு சேர்ந்து வரும் சிப்பிகளையும் நத்தைகளையும் கிளறிப் பார்த்தால், ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் உள்ள பளபளப்பான ஓடுகள் கிடைக்கும். செம்பழுப்பு நிறத்தில் வெள்ளை முக்கோணங்கள் வரைந்தாற் போன்ற அழகு! இவற்றைக் கூம்பு நத்தைகள் என்பர். விலங்கியலார் இட்ட பெயர் கோனஸ். வெற்று ஓட்டை அலமாரியில் வைக்கலாம். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் கையில் எடுக்கவே கூடாது.

நத்தை மெதுவாக ஊர்வது. மீனோ விரைந்து நீந்துவது. ஆயினும் சில கூம்பு நத்தைகள் மீனை வேட்டையாடித் தின்கின்றன. வேறு சில புழுக்களையும், இன்னும் சில பிற நத்தைகளையும் தின்னும். நீண்ட குழல் போன்ற வாயின் நுனியில் உள்ளீடற்ற பல் ஒன்று இருக்கிறது. அது எறியீட்டி போலப் பாய்ந்து, ஊசி போல நஞ்சைச் செலுத்தும். சில நொடிகளில் மீன் விறைத்து நின்றுவிடும்.

இயற்பியல் ஆசிரியருக்கு நத்தையிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த நஞ்சு தாக்கும் இடம் மின்சாரம் நடமாடும் இடம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நரம்புச் செல்லின் சவ்வு சுமார் 7 நானோமீட்டர் தடிமனே உடையது. அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. டார்ச் விளக்கின் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் மின்னழுத்தத்தைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! காற்றில் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் இருந்தாலே தீப்பொறி பறக்கும். இத்தகைய மின்புலத்தில்தான் அயனிக் கால்வாய்கள் என்னும் புரதங்கள் பதிந்துள்ளன. மின்னழுத்தம் சற்று மாறினாலும் அவற்றின் மின்சுமை கொண்ட பகுதிகள் நகரும், கால்வாய் திறக்கும்.

நரம்பின் வழியே வரும் மின்துடிப்பு அதன் முனையை அடைந்ததும் கால்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே உள்ள கால்சிய அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. எனவே அவை உள்ளே பாய்கின்றன. அங்கே வேதிப்பொருளை அடக்கிய நுண்பைகள் தயாராக இருக்கும். கால்சியம் பட்டவுடன் அவை சவ்வோடு இணைந்து, வேதிப்பொருளை வெளியே கொட்டும். அப்பொருள் அடுத்த நரம்பையோ தசையையோ தூண்டும். மின்செய்தி வேதிச் செய்தியாக மாறும் இடம் இதுவே.

இங்கே ஒரு புதிர். சோடியம் அயனியும் கால்சியம் அயனியும் ஏறத்தாழ ஒரே அளவுள்ளவை. வெளியே சோடியம்தான் மிக அதிகம். அப்படியிருக்க, இக்கால்வாய் கால்சியத்தை மட்டும் எப்படி விடுகிறது? துளையின் குறுகலான இடத்தில் எதிர்மின்சுமை கொண்ட நான்கு அமினோ அமிலங்கள் வளையமாக அமைந்துள்ளன. இரட்டை நேர்மின்சுமை உள்ள கால்சியத்தை இவை வலுவாகப் பிடிக்கின்றன. ஒற்றைச் சுமை உள்ள சோடியத்தால் அதை விலக்கிவிட்டு நுழைய முடிவதில்லை. கூலும் விதியைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூம்பு நத்தையின் ஒமேகா கோனோநஞ்சு இக்கால்வாயின் வெளிவாயில் தக்கை போல அமர்ந்துகொள்கிறது. கால்சியம் நுழையாது, நுண்பைகள் திறக்கா, செய்தி அங்கேயே நின்றுவிடும். தசை இயங்காது. மனிதரைக் கொட்டினால் சுவாசத் தசைகளும் செயலிழக்கலாம். கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனத்தால் உயிரிழப்புகள் பதிவாகியுள்ளன. இதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சின் வேகம் தணியும்வரை மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பதே வழி. ஓட்டின் அகன்ற முனையைப் பிடித்தால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம். வாய்க்குழல் அங்கும் நீளும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா இந்நஞ்சுகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகத்துக்கு 1979இல் மைக்கேல் மக்கின்டோஷ் என்ற மாணவர் வந்தார். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். உங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர். கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் நஞ்சிலிருந்து 25 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு பொருளை அவர் பிரித்தெடுத்தார். மூன்று கந்தக இணைப்புகள் அதை முடிச்சுப் போட்டாற்போல் இறுக்கியுள்ளன.

கால்சியக் கால்வாய்களில் பல வகைகள் உண்டு. இதயத் தசையில் உள்ளது ஒரு வகை. தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பு முனைகளில் உள்ளது என்-வகை. இந்த நஞ்சு என்-வகையை மட்டுமே அடைக்கிறது. மார்பினுக்கும் அடங்காத வலியால் துன்புறும் நோயாளிகளுக்கு இது உதவுமே! ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட அதே மூலக்கூறு, சிகோனோடைடு என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. மார்பினைப் போல இது அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் இரத்தத்தில் செலுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். மூளை, தண்டுவடத்துக்குள்ளும் போதிய அளவு நுழையாது. ஆகவே உடலில் ஒரு சிறு பம்பைப் பொருத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் துளித்துளியாக விடவேண்டும். தலைசுற்றல், மனக்குழப்பம் போன்ற தொல்லைகளும் உண்டு. எல்லா வலிக்கும் ஏற்ற மருந்தென்று இதைச் சொல்ல முடியாது.

நம் கடலுக்கு வருவோம். தொடக்கத்தில் சொன்ன வெள்ளை முக்கோணங்கள் கொண்ட ஓடு கோனஸ் அமாடிஸ் என்ற இனத்தினுடையது. மன்னார் வளைகுடாவில் வாழ்வது. பிற நத்தைகளைத் தின்பது. இதன் நஞ்சிலிருந்து எடுத்த 26 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பொருளைப் பற்றிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் ஆய்வுரை வெளியிட்டனர். இது கால்சியக் கால்வாயைத் தொடுவதில்லை. சோடியக் கால்வாயைத் திறந்தபடியே நிற்கச் செய்கிறது. ஒரு நத்தையின் நஞ்சில் இப்படிப்பட்ட பொருள்கள் நூறு அல்லது அதற்கு மேலும் இருக்கும். அமாடிஸின் நஞ்சில் அவர்கள் அன்று விவரித்தது அவற்றுள் ஒன்றை மட்டுமே.