கண்ணிமைச் சத்திரசிகிச்சை: அறிய வேண்டியவை

வயது முதிரும்போது மேலிமைத் தோல் தளர்ந்து கண்மேல் தொங்குவதுண்டு. குருவிட்ட பகுதித் தோட்டங்களில் றப்பர் பால் வெட்டும் ஒருவருக்கு, தலைக்கு மேலுள்ள வெட்டு இதனால் மறையுமானால் சிகிச்சை அவசியமே. இமை திடீரெனச் சரிந்தாலோ, அது நரம்பு நோயின் அறிகுறியாகலாம். உடனே இரத்தினபுரி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஆனால் பார்வை நன்றாயிருக்க, பெண் பார்க்க வருவோரின் சொல்லுக்கு அஞ்சி, நகையை அடகு வைத்து மகளின் இமையை வெட்டுவிக்கலாமா? 1958 ஒக்டோபர் 4இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இத்தாலியச் சத்திரவைத்தியர்களுக்குப் போதித்ததன் சாரம் இது: அழகுக்கான சத்திரசிகிச்சை தன்னிலே பாவமன்று, ஆனால் நோக்கம் நேர்மையாயும், காரணம் தகுந்ததாயும், உடல்நலத்துக்குப் பேராபத்து இல்லாமலும் இருக்கவேண்டும்.

ஆபத்து எது? இமை முழுதாக மூடாமல் கண் உலரலாம். அரிதாகக் கண்ணின் பின்னே இரத்தம் கசிந்து பார்வையே போகலாம். ஆகவே தகுதிபெற்ற கண் வைத்தியரையே நாடுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் இருந்தாலோ, அஸ்பிரின் எடுத்தாலோ மறையாது கூறுங்கள். சிகிச்சைக்குப் பின் கடும் வலியோ பார்வை மங்கலோ கண்டால் சற்றும் தாமதியாதீர்கள்.

பெற்றோரே, மகளின் முகம் இறைவன் தந்தது. அதில் குறை காணும் சம்பந்தத்தைவிட, அவளை அப்படியே ஏற்கும் வீடே மேல்.