கடற்கரை ஆற்றுப்படை

நுழையும்முன்

அறியாத நிலத்தைக் காணச் செல்வோருக்கு அந்நிலத்தை அறிந்த ஒருவரின் துணை வேண்டும். அத்துணையையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். சென்னையின் தென்கடற்கரையில் தை முதல் பங்குனி வரை இரவுதோறும் நிகழும் கடலாமை நடையை அம்மரபின் வழியே இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

சுற்றுலா என்னும் சொல் புதியது. வழிகாட்டும் பணி பழையது. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்குத் தாம் சென்ற வழியைச் சொல்லி அனுப்புவதே அவற்றின் அமைப்பு. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். அவ்வழிகாட்டி தம் காலால் நடந்து அறிந்தவற்றையே சொல்வார். மலைபடுகடாமில் நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு, விலங்குகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், புனங்காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகிய எல்லா இடர்களும் முன்கூட்டியே உரைக்கப்படுகின்றன. அருவியின் ஓசையும் மலைவாழ் மக்களின் விருந்தோம்பலும் அவற்றோடு கலந்தே வருகின்றன. நிலத்தையும் அதில் வாழும் மாந்தரையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அப்புலவர்களிடம் இல்லை. ‘இயற்கைச் சுற்றுலா’ என்றும் ‘பண்பாட்டுச் சுற்றுலா’ என்றும் இருவேறு சீட்டு விற்பது நம் காலத்து வணிகம்.

சென்னையிலும் வழிகாட்டியோடு காணத்தக்க இடங்கள் பல உள்ளன. மயிலாப்பூர் மாடவீதிகளில் வரலாற்று ஆர்வலர்கள் நடைப்பயணம் நடத்துகின்றனர். அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவுக்குப் பள்ளி மாணவர்கள் குழுக்களாக அழைத்துச் செல்லப்படுகின்றனர். மாநகருக்குள்ளேயே வெளிமானையும் புள்ளிமானையும் கொண்டது கிண்டி தேசியப் பூங்கா. இவையெல்லாம் பகற்பொழுதின் காட்சிகள். நகரம் உறங்கச் செல்லும் வேளையில் தொடங்குவது கடலாமை நடை.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணற்பரப்பு. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் ஒவ்வோர் இரவும் இளைஞர் குழு ஒன்று இவ்வழியே நடக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறது. புறப்படும் முன் வழிகாட்டி ஆமையைப் பற்றிக் கூறுவது ஒரு பங்கென்றால், நடப்போர் செய்யக்கூடாதவை பற்றிக் கூறுவது இருபங்கு. கைவிளக்கு ஏற்றக்கூடாது. ஒளிபாய்ச்சிப் படம் எடுக்கக்கூடாது. உரக்கப் பேசக்கூடாது. ஆமை கரையேறுவதைக் கண்டால் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும். அது முட்டையிடத் தொடங்கும் வரை அருகில் செல்லலாகாது. மலைபடுகடாமின் வழிகாட்டி பயணியை நிலத்தின் இடர்களிலிருந்து காத்தார். இங்கோ நிலத்தைப் பயணியிடமிருந்து காப்பதே வழிகாட்டியின் முதற்கடன். பணிவு தேவைப்படும் சுற்றுலா இது. பல இரவுகளில் ஆமையே தென்படாமலும் போகும்.

இக்கரைக்கு வருவது பங்குனி ஆமை. நம் கடற்கரையில் முட்டையிடும் ஆமைகளில் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் முதல் அட்டவணையில் இதனை வைத்துள்ளது. பெண் ஆமை அலையிலிருந்து மெல்ல ஏறி வரும்போது துடுப்புக் கால்கள் மணலில் பதிக்கும் தடம், உழுபொறியின் சக்கரத் தடம் போலத் தோன்றும். உலர்ந்த மணலை அடைந்ததும் பின்னங்கால்களால் அது குழி தோண்டும். வாய் குறுகி அடி அகன்று குடுவை போல் அமையும் அக்குழி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழமுடையது. தான் தோண்டும் குழியை அந்த ஆமை ஒருமுறையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வியப்புக்குரியது. நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இட்டபின், மணலைத் தள்ளி மூடி, தன் உடலையே இருபுறமும் மாறிமாறி மோதி அவ்விடத்தை இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிடும்போது அதன் கண்களில் நீர் வழியும். பார்ப்போர் அதனை அழுகை என்று எண்ணுவர். கடல்நீரோடு உட்கொண்ட மிகை உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன என்பதே உண்மை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்த நமக்கு இவ்விளக்கம் சற்று ஏமாற்றம் தரலாம்.

ஆமை சென்றபின் வழிகாட்டியின் வேலை தொடங்குகிறது. நீண்ட கழியால் மணலை மெல்லக் குத்திப் பார்த்து, இளகி உள்வாங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பர். பிறகு கைகளாலேயே தோண்டி, முட்டைகளை எண்ணி, துணிப்பையில் இட்டு, பெசன்ட் நகரில் வேலியிட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டு சென்று அதே ஆழத்தில் மீண்டும் புதைப்பர். இதனைச் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். காலம் கடந்தால் கரு முட்டையின் உள்ளோட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அழியும். நாய்களும் முட்டை எடுப்போரும் நகரின் விளக்குகளும் இல்லாத கரையில் இந்த வேலைக்கே தேவையிராது. தாய் தேர்ந்த இடத்திலேயே முட்டைகள் இருப்பதுதான் சிறந்தது. பொரிப்பகம் என்பது நாம் கெடுத்த கரைக்கு நாமே செய்யும் முட்டுக்கொடுப்பு.

தெரிந்து தெளிவோம்

கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகத் தோன்றும். பொரிப்பகங்களுக்குச் சில இடங்களில் நிழல் அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். புவி வெப்பமாதல் ஆமைகளை எவ்வாறு பாதிக்கும் என்பதை இதன்வழி உய்த்துணரலாம்.

இந்நடைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் இக்கரையில் இரவு நடையைத் தொடங்கினர். அக்குழுவில் சேர்ந்தவர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை மாணவரான சதீஷ் பாஸ்கர். பட்டத்தைவிடக் கடல் அவரை மிகுதியாக ஈர்த்தது. படிப்பை விடுத்த அவர், இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியையும் அந்தமான், இலட்சத்தீவுக் கரைகளையும் நடந்தே ஆய்ந்தார். எந்தெந்த மணலில் எந்தெந்த ஆமை முட்டையிடுகிறது என்று இன்று நாம் அறிந்தவற்றுள் கணிசமானவை அவருடைய காலடிகள் தந்தவை. 1982இல் மழைக்காலம் முழுவதும் இலட்சத்தீவின் ஆளில்லாத சுகேலித் தீவில் தனியே தங்கினார். படகுப் போக்குவரத்து நின்றுபோன அந்நாள்களில் மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் இட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்க, அங்குள்ள மீனவர் ஒருவர் அதனை அஞ்சலில் சேர்ப்பித்தார்! மடல் உரியவர் கைக்கு வந்து சேர்ந்தது. 2023இல் மறைந்த சதீஷ் பாஸ்கரை இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடி எனலாம்.

1988இல் கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு உருவானது. அன்றிலிருந்து இந்நடையைத் தொடர்ந்து நடத்தி வருவோர் பெரும்பாலும் கல்லூரி மாணவரும் இளம் பணியாளருமே. முந்தைய ஆண்டு பின்னால் நடந்தவர் அடுத்த ஆண்டு முன்னால் நடக்கிறார். சென்று வந்தவரே அடுத்தவரைச் செலுத்துகிறார் என்னும் ஆற்றுப்படை இலக்கணம் இங்கே பிசகாமல் பொருந்துகிறது.

இக்கரை ஆளற்ற வெளியன்று. அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் அடுத்தடுத்து உள்ளன. கரையில் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம், 1930ஆம் ஆண்டின் இறுதியில் நீரில் சிக்கியவரைக் காக்கச் சென்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டவருக்கு எழுப்பப்பட்டது. சுற்றுலாக் கையேடுகள் மண்டபத்தைக் குறிப்பிடும், குப்பங்களை விட்டுவிடும். எழுதியவர்கள் பகலில் வந்து போனவர்கள் போலும்! வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று காற்றைத் திசையால் பிரித்தறிந்த தமிழ் மரபு இன்று வழக்கில் வாழ்வது இத்தகைய குப்பங்களில்தான். எந்தக் காற்றில் எந்த மீன் கரையருகே வரும், நீரோட்டம் எப்போது திரும்பும் என்பன அவர்களுக்கு வாழ்வாதாரம். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்துக்குச் சென்றதும் இக்கரைகளின் வழியேதான். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனத் திணைக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, உயிர்களையும் மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் கருப்பொருளாக அடுத்து வைத்தார். ஆமையைக் காட்டி மீனவரைக் காட்டாத நடை பாதித் திணையையே காட்டுகிறது.

இதனை உணர்ந்த முயற்சிகளும் உண்டு. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலராகப் பயிற்றுவித்தது. கரையை நன்கறிந்தவரே கரையைக் காப்பவராயினர்.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. நடு ஆப்பிரிக்காவில் அத்திலாந்திக் கடலோரம் அமைந்த காபோன் நாடு 2002இல் ஒரே அறிவிப்பில் பதின்மூன்று தேசியப் பூங்காக்களை உருவாக்கியது. அவற்றுள் மயும்பா, பொங்காரா ஆகியவற்றின் கரைகளுக்கு, ஓட்டுக்கு மாற்றாகத் தோல் போர்த்த முதுகையுடைய பேராமைகள் முட்டையிட வருகின்றன. அங்கும் இரவில் வழிகாட்டியோடு நடந்தே காண வேண்டும். பொங்காராவுக்கு எதிர்க்கரையில் தலைநகர் லிப்ரவில்லின் விளக்குகள் எரிகின்றன. காட்டில் வெட்டி நீர்வழியே அனுப்பும் மரங்களுள் தப்பி ஒதுங்கியவை கரையில் கிடந்து ஆமைகளின் வழியை மறிக்கின்றன. காட்டை வெட்டியதன் விளைவு கடலில் வாழும் உயிரை வந்து சேர்வதை அக்கரையில் கண்ணால் காணலாம். அதே கண்டத்தின் ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைக் காண ஒரு கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர், அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி. பூங்காவின் சுற்றுலா வருவாயில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்கிறது. கட்டுப்பாடு சுற்றுலாவைக் கெடுக்கும் என்போருக்கு அந்நாடு விடை கூறும்.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். நடையில் உயிருள்ள ஆமைகளை மட்டும் காண்பதில்லை. இறந்து ஒதுங்கிய ஆமைகளையும் குழுவினர் ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கின்றனர். 2025 ஜனவரியில் சென்னை, அதனை அடுத்த மாவட்டங்களின் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. செய்தித்தாள்களில் வெளிவந்தவற்றைக் கண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே அதனை விசாரணைக்கு எடுத்தது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டி இறக்கும். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவலை வீசலாகாது என்று விதி உள்ளது. வலையில் ஆமை வெளியேறத் திறப்பு அமைக்கும் கருவியும் உள்ளது. விதி மீறப்படும்போது நட்டம் ஆமைக்கு மட்டும் நேர்வதில்லை. கரையோரத்தில் சிறுபடகில் வலை வீசும் குப்பத்து மீனவரின் மீனையும் அதே இழுவலை அள்ளிச் செல்கிறது. அழகிய காட்சியோடு இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டுகின்ற வழிகாட்டியே நம்பத்தக்கவர் என்பது என் துணிபு.

முட்டைகள் நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்களில் பொரிக்கின்றன. குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையைக் கடல் என்று கொள்ளும். விளக்கற்ற கரையில் விண்மீனொளி படர்ந்த அலைகளே ஒளிமிக்கவை. பெரும்பாணாற்றுப்படையில் கலங்களைக் கரைக்கு அழைக்க உயர்ந்த மாடத்தில் இரவெல்லாம் எரியும் விளக்கொன்று வருகிறது. இன்று சாலையோர விளக்குகளும் உணவக விளக்குகளும் அழைக்காமலேயே குஞ்சுகளைக் கரைப்பக்கம் இழுக்கின்றன. சாலையை அடைந்தவை மீள்வதில்லை. ஆதலால் பொரிப்பகக் குஞ்சுகளைக் குழுவினர் கூடையில் கொண்டுவந்து, அலைக்குச் சில அடி முன்பாக மணலில் விடுவர். தாமே நடந்து நீரை அடையட்டும் என்று அந்தச் சில அடிகளை விட்டுவைக்கின்றனர். கூடியிருப்போர் ஒதுங்கி நிற்க, உள்ளங்கையளவும் இல்லாத உயிர்கள் ஒவ்வோர் அலையாலும் பின்தள்ளப்பட்டு மீண்டும் முன்னேறும். பொரிப்பக வேலிக்குள் அடுத்த குழியின் அடையாளப் பலகையில் நாளும் முட்டைகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரிலுள்ள நீர்நிலை, குன்று அல்லது கடற்கரை ஒன்றைத் தேர்ந்து, அங்கு முதன்முறையாக வரும் நண்பர் ஒருவரை ஆற்றுப்படுத்தும் வகையில் ஒரு பக்க அளவில் எழுதுக. அவர் அங்குச் செய்யக்கூடாதவற்றையும் சேர்த்துக்கொள்க.

ஆற்றுப்படை நூல்களின் வழிகாட்டியையும் கடலாமை நடையின் வழிகாட்டியையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

‘முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது சரியா?’ என்னும் பொருளில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.