மாயவனாற்றின் மேல் இருப்புப்பாதை

புத்தளக் கரையோரத்தின் வரலாறு கூறுவோர் உப்பளங்களையும் கோட்டைகளையும் கோயில்களையும் கூறுவர். ஆற்றுப் பாலத்தைக் கூறுவோர் சிலரே. எனினும், இக்கரையோரத்தை ஒன்றாக இணைத்தது பாலமேயாம்.

தெதுரு ஓயா ஏறத்தாழ 140 கிலோமீற்றர் ஓடிச் சிலாபத்துக்கு அருகே கடலிற் கலக்கின்றது. இதனைத் தமிழர் மாயவனாறு என்பர். முன்னேசுவரத்துத் தீர்த்தவிழா இவ்வாற்றிலேயே நிகழும். முற்காலத்தில் இக்கரையோரத்துச் சரக்குகள் கால்வாய்களினும் களப்புகளினும் தோணியேறிச் சென்றன. இராகமையிற் பிரிந்த புகையிரதப்பாதை 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் அடைந்தது. சிலாபமோ ஆற்றின் தென்கரையிலுள்ளது. பாதை ஆற்றைக் கடந்து புத்தளம் சேர்ந்தது 1926இலேயே. அப்பத்தாண்டும் வடகரையார்க்குப் புகையிரதம் அக்கரைப் பொருளாகவே இருந்தது. இன்று பத்துளு ஓயா நிலையத்தில் இறங்கி உடப்புக்குச் செல்வோர் இதனை நினைத்தல் தகும்.

பாலமமைத்தல் ஏன் அரிது? மேலே தோன்றும் இரும்பினால் மட்டுமன்று; நீருக்கடியில் மணலை அகழ்ந்து, உறுதியான நிலத்தில் ஊன்றும் தூண்களுக்கும் பெரும்பொருள் வேண்டும். ஆதலின், போக்குவரத்துக் குறைந்த இடங்களில் ஒரே தூண்வரிசைமேல் புகைவண்டியையும் வீதிவண்டியையும் செலுத்துதல் சிக்கனமாயிற்று. இலங்கையின் கிழக்கே, மகாவலிமீது மன்னம்பிட்டியிலும், அப்பால் ஓட்டமாவடியிலும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. தண்டவாளங்கள் பாலத்தின் தளத்திலேயே பதிந்திருந்தன. புகைவண்டி வருங்கால் வீதிவண்டிகள் கரையிற் காத்து நின்றன. வாகனங்கள் பெருகவே இவ்விணக்கம் இடர்ப்பாடாயிற்று. மன்னம்பிட்டியில் 2007இல் வீதிக்கெனத் தனிப்பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் புகையிரதத்துக்கே உரியதாயிற்று.

பாலம் அசைவற்றது என மாணவர் எண்ணுதல் கூடாது. 100 மீற்றர் நீளமான உருக்கு, வெப்பம் 20 பாகை மிகுந்தால், ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளும். அந்நீட்சிக்கு இடம் விடாவிடில் தாங்கிகள் நெருக்குண்டு பழுதுறும். கரையோரத்திலோ உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மழைவெள்ளம் தூண்களின் அடிமண்ணை அரிக்கும். ஆதலின் துருவகற்றிப் பூச்சிடுதலும், வெள்ளம் வடிந்தபின் அடித்தளத்தை ஆராய்தலும் ஒருபோதும் ஓயாத் தொழில்கள்.

பாலத்தை அமைத்தோர் ஒருமுறை உழைத்தனர்; அதனைப் பேணுவோர் ஆண்டுதோறும் உழைக்கின்றனர். முன்னோர் தந்த பொதுச்செல்வம் எதுவாயினும், அதனைக் காப்பதும் ஆக்கிய தொழிலுக்கு ஒப்பான தொண்டேயாம்.