கடை ஊழியரை நிறுத்தும் முன்

வணிகப் பெருமக்களே,

கள்ளக்குறிச்சி கடைகளில் மூட்டை இறக்கவும் பொட்டலம் கட்டவும் கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். "நாளை முதல் வர வேண்டாம்" என்று நாம் வாயால் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது.

1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் 1 மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். திருட்டு போன்ற ஒழுங்கீனத்துக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் சந்தேகம் போதாது. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நாம் நீக்கினாலும், அவரே விலகினாலும், 2 வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 3 ஆண்டு வரை அவர் மனு போடலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது.

முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வேலை வாங்குவது, 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம்.

ஆகவே வருகைப் பதிவேட்டையும் கையெழுத்து வாங்கிய சம்பளப் பதிவேட்டையும் பேரேட்டைப் போலவே ஒழுங்காக எழுதி வைப்போம். உழைத்தவனுக்குக் கூலி போய்ச் சேரும்; நமக்கும் வழக்கு வராது.