சீலிங்கில் ஸ்பீக்கர்: மாட்டும் முன் சில கணக்குகள்

சங்கத்து அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பது, ஹாலில் ஹோம் தியேட்டர் அமைத்து ஸ்பீக்கர்களைச் சீலிங்கில் மாட்டலாமா என்பதுதான். மாட்டலாம். ஆனால் எந்த ஸ்பீக்கரை, எதில் மாட்டுகிறோம் என்ற இரண்டையும் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

5.1 முறையின் இரண்டு சரவுண்டு ஸ்பீக்கர்களுக்கு உரிய இடம் சீலிங் அன்று, பக்கச் சுவர். உட்கார்ந்திருப்பவரின் காதுக்குச் சற்று மேலே, தோளுக்குச் சிறிது பின்னால், டி.வி. இருக்கும் திசையிலிருந்து 110 முதல் 120 டிகிரிக்குள் இருக்கட்டும். தலைக்கு மேல் மாட்டினால், பக்கத்தில் வரவேண்டிய மோட்டார் சைக்கிள் மாடியில் ஓடும்! 2012இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி அட்மாஸ் முறைக்குத்தான் மேலே தனி ஸ்பீக்கர்கள் வேண்டும். காது 3½ அடி, சீலிங் 9½ அடி உயரம் என்றால் இடைவெளி 6 அடி. நான்கு மாட்டுவோர் தலைக்கு 6 அடி முன்னும் 6 அடி பின்னும் மாட்டினால் 45 டிகிரி கிடைத்துவிடும். சோபா பின்சுவரை ஒட்டியிருக்கும் நம் ஃபிளாட்டுகளில் பின்னால் ஏது 6 அடி? தலைக்குச் சற்று முன்னால் இரண்டே போதும். ஒருபுறம் பால்கனிக் கதவு, மறுபுறம் நடைவழி என்று பக்கச் சுவரே இல்லாவிட்டால் மட்டும், சரவுண்டையும் சீலிங்கில் மாட்டி சோபாவை நோக்கிச் சாய்த்துவிடலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். பி.ஓ.பி. அல்லது ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், தன் எடையையும் சில விளக்குகளையும் தாங்குவதற்கே கட்டப்பட்டது. அதில் 5 கிலோ பெட்டியைத் திருகிவிட்டு, அடியில் பேரக்குழந்தைகளை உட்கார வைக்கலாமா? மிஸ்திரியிடம் "பி.ஓ.பி. மே நஹீ, ஸ்லாப் மே" என்று சொல்லி, அருகிலேயே நின்று பாருங்கள். சுவரில் நன்றாக நிற்கும் பிளாஸ்டிக் பிளக், நேர்கீழாக இழுபடும்போது நாளடைவில் நழுவக்கூடும். இரும்பு ஆங்கர் போல்ட்டே போடவும். அது பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டும். டிரில் கம்பியில் தட்டினால் கம்பியை அறுக்காமல் 2 அங்குலம் தள்ளித் துளைக்கவும். மின்விசிறிக்கு வரும் ஒயர்க் குழாய் பெரும்பாலும் ஸ்லாபுக்குள்ளேயே கிடக்கும். அந்தப் பாதையைத் தவிர்க்கவும். புதிய உயரக் கட்டடங்கள் சிலவற்றில் ஸ்லாபுக்குள் இறுக்கிய எஃகு கேபிள்கள் உண்டு. அங்கே சொசைட்டியில் விசாரிக்காமல் டிரில்லைத் தொடவே வேண்டாம்.

ரயில் வண்டிகளின் அடியில் பிரேக் தண்டுகளுக்குக் கீழே காப்புப் பட்டை இருக்கும். பின் கழன்று தண்டு விழுந்தாலும் தண்டவாளத்தில் படாமல் அது தாங்கிக்கொள்ளும். பரிசோதனைக்குக் குனிந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும். ஸ்பீக்கருக்கும் அப்படியே, வேறொரு ஆங்கரிலிருந்து மெல்லிய எஃகுக் கயிறு ஒன்றைத் தளர்வில்லாமல் கட்டிவிடுங்கள். செலவு சொற்பம். ஒலியின் அதிர்வில் நட்டு தளரும் என்பதால் ஸ்பிரிங் வாஷர் அவசியம். போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது ஸ்பானரும் கையில் இருக்கட்டும்.

நம் சீலிங்தான் மேல்வீட்டாரின் தரை. பிராக்கெட்டுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைத்தால் அவர்களுக்குப் போகும் அதிர்வு ஓரளவு குறையும்.

ஒயர்கள் மாறியுள்ளனவா என்று பார்க்க மறுபடி ஏணி ஏற வேண்டாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஒயர் முனைகளில் 1½ வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ் முனையில் தொட்ட ஒயர் ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போயிருந்தால் கூம்பு வெளியே துள்ளும். உள்ளே போனால், கீழேயே இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகினால் போதும்.