நடந்து சென்று நிலம் கேட்ட தம்பதிகள்



கணவனும் மனைவியுமாய்ச் சைக்கிள் ஏறி ஆயிரம் மைல் மிதித்து, ஏழைகளுக்கென்று பணம் திரட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் வியக்கிறோம். வியக்கத்தக்கதுதான். ஆனால் சைக்கிள்கூட இல்லாமல் கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று தர்மம் கேட்ட தம்பதிகள் நமது தமிழ்நாட்டில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பணமல்ல, நிலம்.

ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை; கல்லூரியை விட்டுத் தேச சேவையில் இறங்கியவர். கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்து, அரும்பாடுபட்டுப் பட்டம் பெற்றவர். சுதந்திர நாட்டில்தான் விவாகம் என்று காத்திருந்து 1950-ல் மணந்தார்கள். மறு வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூமிதானத்தைத் தொடங்கினார். ஜெகந்நாதன் வடக்கே போய் அவரோடு நடந்தார். அவர் திரும்பியபின் இருவரும் தமிழ்நாட்டில் அதே வேலையில் இறங்கினார்கள்.

வினோபா கேட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் தன்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி, ஆறில் ஒரு பங்கு தரும்படி கேட்டார். பிச்சையாக அல்ல, பாகமாக! தேசமெங்கும் நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி கல்லும் கரடும், வில்லங்கமும். கிழிந்த சட்டையைத் தர்மம் பண்ணுகிற வழக்கம் நமக்கும் உண்டல்லவா? ஆற்றுப் பாசன நன்செயைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

1968 டிசம்பர் 25. கர்த்தர் பிறந்த திருநாள் இரவில், அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில், கூலி நெல் தகராற்றின் முடிவாக, குடிசையொன்றில் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அநேகர் பெண்களும் பிள்ளைகளும். நம்மில் மூத்தவர்களுக்கு அந்தத் திருநாள் நினைவிருக்கும். செய்தி அறிந்து கிருஷ்ணம்மாள் அங்கே போனார்; ஜெகந்நாதனும் சேர்ந்துகொண்டார். அதன்பின் இந்தக் கீழத்தஞ்சையே அவர்கள் வேலை செய்யும் இடமாயிற்று.

தானம் கேட்டு மட்டும் இங்கே ஆகாது என்று கண்டுகொண்டார்கள். 1981-ல் லாப்டி என்னும் நில உரிமை இயக்கத்தை ஆரம்பித்தார்கள். மிராசுதாரையும் கூலிக்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்து நியாய விலை பேசுவது. பாங்கியில் கடன் வாங்கி நிலத்தைக் கிரயம் செய்வது. கூட்டாகப் பயிரிட்டு, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. இதுதான் ஏற்பாடு. பாங்கிகள் முதலில் தயங்கின. பத்திரச் செலவும் மிகுதி. கிருஷ்ணம்மாள் விடவில்லை. 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஏக்கர் கைமாறியது.

குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். நம் கணக்கில் மூன்று மா. வேலிக் கணக்கில் நிலம் உடையவருக்கு அது வரப்போரத் துண்டு. கூலி நெல்லுக்குக் காத்து நின்றவருக்கோ வீட்டில் அடுப்பெரிவது. 2008-ல் சுவீடன் தேசத்தின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது தம்பதிகள் இருவருக்கும் கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

இன்னொரு விஷயம். அந்த நிலங்களைப் பெண்கள் பேரிலேயே பதிவு செய்தார்கள். காரணம் எந்தக் குடும்பத் தலைவிக்கும் சொல்லாமலே விளங்கும்.