கஞ்சியின் ஓட்டமும் நொதியின் ஆற்றலும்

நுழையும்முன்

சோற்றுக்கஞ்சி பசிக்கு உணவாகும், நெசவுக்கும் துணையாகும். அக்கஞ்சி ஓடும் விரைவைக் கொண்டே, கண்ணுக்குப் புலப்படாத நொதியின் செயலை அளந்தறியலாம். அம்முறையை விளக்குகிறது இப்பாடம்.

நெசவும் நொதியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் தொடர்வண்டித் தடத்தில் திருநின்றவூரை அடுத்து அமைந்துள்ளது வேப்பம்பட்டு. அவ்வூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்கள் உள்ளன. தறியில் உராயும் பாவு நூல் அறுந்துவிடாதிருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுவது நெசவுத்தொழிலின் வழக்கம். எனினும், நெய்த துணியில் கஞ்சி தங்கினால் சாயம் சீராகப் பற்றாது. அமிலத்தால் அதனை நீக்க முயன்றால் பருத்தி இழையும் நலிவுறக்கூடும். அமைலேஸ் என்னும் நொதியோ கஞ்சியிலுள்ள தரசத்தைச் சிதைக்கும். பருத்தியின் செல்லுலோசைத் தீண்டாது. இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிகள்தாம். கண்ணிகள் பிணைந்துள்ள முறைதான் வேறு. நொதி வலுக்குறைந்திருப்பின் கஞ்சி எஞ்சும், துணி பாழாகும். ஆதலின் அதன் ஆற்றலை முன்னரே அளத்தல் வேண்டும்.

ஓடும் நேரமே அளவுகோல்

நீர்மம் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் பண்பு பாகுநிலை எனப்படும். நீண்ட தரசச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கஞ்சி மெல்ல ஓடுகிறது. அவை துண்டாகும்போது விரைந்து ஓடுகிறது. இதனை அளக்க உதவுவது ஆஸ்வால்டு பாகுநிலைமானி. வினையூக்கம் பற்றிய ஆய்வுக்காக 1909ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஆஸ்வால்டின் பெயரை அக்கருவி தாங்கியுள்ளது. அதன் நுண்குழாயில் இரு குறிகளுக்கிடையே நீர்மம் இறங்கும் நேரம் கணக்கிடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, நீர் 20 நொடியிலும் நீர்த்த கஞ்சி 100 நொடியிலும் இறங்குவதாகக் கொள்வோம். அடர்த்தி ஏறத்தாழச் சமமெனில், கஞ்சியின் பாகுநிலை நீரினதைப் போல் 5 மடங்கு. நொதி சேர்த்த 10 நிமிடத்தில் அந்நேரம் 60 நொடியாகக் குறைந்தால், பாகுநிலை 3 மடங்காகிறது. இவ்வீழ்ச்சியின் வேகமே நொதியின் ஆற்றலைக் காட்டும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தாலே நீரின் பாகுநிலை ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். ஆகவே, மாறா வெப்பநிலையுள்ள நீர்த்தொட்டியில் கருவியை வைத்தல் இன்றியமையாதது.

வெட்டும் இடம்

ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியின் இடையே வெட்டுகிறது. நடுவில் விழும் ஒரே வெட்டு சங்கிலியின் நீளத்தைப் பாதியாக்குவதால் பாகுநிலை சட்டெனச் சரிகிறது. பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து மால்டோசைச் சிறிது சிறிதாகக் கொய்கிறது. சர்க்கரை பெருகினும் பாகுநிலை மெல்லவே குறைகிறது. எனவே சர்க்கரையின் அளவு எத்தனை வெட்டுகள் நிகழ்ந்தன என்பதை உணர்த்த, பாகுநிலை அவை எங்கே நிகழ்ந்தன என்பதை உணர்த்துகிறது. இரண்டையும் ஒருங்கே நோக்குவோரே நொதியை முழுமையாக அறிவர்.

கற்பவை கற்றபின்

வெதுவெதுப்பான கெட்டிக் கஞ்சியை இரு கிண்ணங்களில் சம அளவில் எடுத்துக்கொள்க. ஒன்றில் முளைகட்டிய கேழ்வரகு மாவையும், மற்றொன்றில் அதே மாவை நீரில் கொதிக்கவைத்து ஆற்றியும் சேர்க்க. எக்கஞ்சி முதலில் இளகுகிறது? காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.